அறுநூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி குறித்து மாமாவுக்கு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு, எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் அத்தையும் அங்கே சௌக்கியமாகவே இருக்க வேண்டும். நேற்று மாலை தொலைபேசியில் கேட்ட சத்தத்தை வைத்துப் பார்த்தால், தங்கள் தொண்டைக்கும் நுரையீரலுக்கும் ஒரு குறையும் இல்லை என்பது எங்களுக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தில் நடந்தது அனைத்தையும் நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் பதிவு செய்யப்போகிறேன் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறேன். அம்மா வேலை பார்க்கும் ஹேங்கரில், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் பெரிய கூடத்தில், பதிவேடு எழுதுவதற்கு என்ன விதியோ அதே விதியைத்தான் இங்கும் பின்பற்றியிருக்கிறேன். எதையும் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பிழை விட்டால் அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைக்க வேண்டும். அடித்த சொல் அடித்த பிறகும் படிக்கும்படி இருக்க வேண்டும். ஆகவே முதல் பக்கத்தில் ‘அநியாயக்கார’ என்ற சொல் தங்கள் கண்ணில் பட்டால், அது முறைப்படி அடிக்கப்பட்டுவிட்டது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று தாங்கள் என் மேல் மூன்று குற்றங்கள் சுமத்தினீர்கள். சனிக்கிழமை நடந்த தேர்வில் அம்மாவின் முடிவை நிறுத்தி வைத்திருப்பதற்கு நான்தான் காரணம் என்றீர்கள். தாங்கள் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த கேள்வித் தொகுப்பை நான் அதிகப்பிரசங்கித்தனமாகக் குறை சொன்னதால்தான் அவள் ஒழுங்காகப் படிக்கவில்லை என்றீர்கள். கடைசியில், “நடமாடும் நூலகம்னு உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடினேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். மாமா, ஒருவரைக் குற்றம் சொல்லிவிட்டு அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவது எந்த ஊர் நியாயம்? அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (இரவு மட்டும் இறங்கியது. உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.)

தங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் விஷயத்தை முதலிலிருந்து பதிவு செய்கிறேன். அம்மா பதினொரு ஆண்டுகளாக விமான எஞ்சின்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் உரிமம் இல்லாததால், தான் செய்த வேலைக்குத் தானே கையெழுத்துப் போட முடியாது. உரிமம் உள்ள ஒருவர் வந்து, வேலையைப் பார்த்து, போட வேண்டும். அவரை அங்கே எல்லாரும் பச்சைப் பேனா என்றுதான் சொல்கிறார்கள், அவருடைய சட்டைப்பையில் வேறு கருவி எதுவும் இருப்பதில்லை. போன வருடம் ஒரு நாள் அம்மா எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, தான் மாட்டியதன் மேல் டார்ச் வெளிச்சத்தைப் பிடித்தபடி நாற்பது நிமிடம் அவருக்காகக் காத்திருந்தாள். அவர் டீ குடித்துவிட்டு வந்து, குனியாமல், நின்றபடியே போட்டார். பார்த்துவிட்டுப் போடுங்கள் சார் என்று அம்மா கேட்டதற்கு, “நீ செஞ்சதை எதுக்கும்மா நான் பார்க்கணும்?” என்றாராம். அப்பா அதைப் பெரிய பாராட்டு என்றார். அம்மா அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கிவந்தாள்.

தேர்வு மூன்று தாள்: பொது, விமானத்தின் உடல், எஞ்சின். முதல் இரண்டிலும் ஒரே மூச்சில் தேறினாள். தன் சொந்தப் பாடமான எஞ்சினில், எழுபது வேண்டிய இடத்தில் அறுபத்தாறு வாங்கினாள். நான் விடைச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். பதினான்கு கேள்விகளை அவள் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அதெல்லாம் மேனுவலைப் பார்த்துதான் சொல்லணும்” என்றாள். அவர்கள் வேலையின் முதல் விதி அது, மாமா. ஆயிரம் தடவை செய்த வேலையாக இருந்தாலும் நினைவிலிருந்து செய்யக் கூடாது; ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைத் திறந்து, படியைப் படித்து, பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும். நினைவிலிருந்து வேலை செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் பதினொரு வருடம் பழக்கிவிட்டு, உரிமம் வேண்டும் என்றால் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு நினைவிலிருந்து சொல் என்கிறார்கள். இதைப் பற்றி நான் தேர்வுக் கழகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் எந்தச் சொல்லையும் அடிக்கவில்லை.

ஹேங்கரில் கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருவர் வேறு ஊருக்குப் போகிறார். அந்த ஒரே ஓர் இடத்துக்கு, இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் எஞ்சின் தாளின் தேர்ச்சிச் சீட்டைக் கொடுத்தால்தான் அம்மாவின் பெயர் போகும். செய்முறைத் தேர்வு அதற்கு அப்புறம். அது கையால் செய்வது, அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் கவலை இல்லை. இன்று இருபத்தேழு. அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று சொல்வதற்கில்லை, பச்சைப் பேனா நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்.

இந்த நிலையில்தான் ஐந்து வாரத்துக்கு முன்னால் தாங்கள் பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். கையில் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு கேள்விகள் கொண்ட தொகுப்பு. காலணியைக் கழற்றுவதற்கு முன்பே, தங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் படித்த நானூறு பேரும் முதல் தடவையிலேயே எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் என்று அறிவித்தீர்கள். அதில் நான் குறுக்கிடவில்லை. அவர்களில் மூன்று பேர் தங்கள் பள்ளி வாசலில் இருக்கும் அதே விளக்குக் கம்பத்தில் மோதியவர்கள் என்பதை அத்தைதான் முன்பு ஒரு தடவை சொன்னார்கள். பிறகு தங்கள் விதிகளைச் சொன்னீர்கள். நீளமான விடைதான் சரியான விடை. சந்தேகம் வந்தால் மூன்றாவதைப் போடு. யோசிக்காதே. கடைசி விதி, கேள்வித் தொகுப்பைத் தவிர வேறு எந்தப் புத்தகத்தையும் கண்ணால் பார்க்காதே. அம்மாவின் தடிப் புத்தகத்தை, எஞ்சின் கையேட்டை, தாங்களே தூக்கிக்கொண்டுபோய் அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினீர்கள்.

அன்று சாயங்காலம் நடந்த முதல் பாடத்தை நான் அருகில் இருந்து பார்த்தேன். தாங்கள் நாற்காலியில், அம்மா எதிரே வெங்காயம் உரித்தபடி. சிலிண்டரின் அழுத்தத்தை எப்போது சோதிக்க வேண்டும், எஞ்சின் சூடாக இருக்கும்போதா, குளிர்ந்த பிறகா என்று கேட்டீர்கள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே போகிறாய் என்றீர்கள். புத்தகம் எடுக்க என்றாள்.

“அக்கா, புத்தகம் பூட்டியிருக்கு. மனசுல இருந்து சொல்லு.”

“மனசுல இருந்து சொல்றவ கையில விமானத்தைக் குடுக்க மாட்டாங்கடா.”

“இது விமானம் இல்லக்கா, பரீட்சை.”

“பரீட்சை எதுக்குடா வைக்கிறாங்க? விமானத்தைக் குடுக்கத்தானே?”

தாங்கள் உடனே தண்ணீர் கேட்டீர்கள்.

அதற்கடுத்த நாட்களில் தங்களால் விளைந்தவற்றைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன், ஏனென்றால் குற்றம் சாட்டுகிறவரின் பக்கமும் கொஞ்சம் பார்க்கப்பட வேண்டும். கேள்விகளை மெட்டுப் போட்டுப் பாட வைத்தீர்கள். அம்மாவுக்கு ஒரு வரிகூட ஏறவில்லை. பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் ஏறிவிட்டது. ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த எஞ்சின் எந்த வரிசையில் பற்றும் என்பது, ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று, எனக்கு அப்படியே பதிந்துபோய், வகுப்புத் தலைவி என்ற முறையில் நான் வருகைப்பதிவு எடுத்தபோது முதல் ஒன்பது பேரை அந்த வரிசையிலேயே கூப்பிட்டேன். ஆசிரியை என் நோட்டில் ‘கவனம் சிதறுகிறது’ என்று எழுதினார். என் பள்ளி வாழ்க்கையில் அப்படி ஒரு வரி இதற்கு முன் எழுதப்பட்டதில்லை, மாமா. அதைத் தங்கள் கணக்கில்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் ஹால் சுவிட்ச் தளர்ந்திருக்கிறது என்று தாங்களே கழற்றினீர்கள். அம்மா வேலையில் இருந்தாள். கட்டடத்தின் மின்சார வரைபடம் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்து வரவா என்று நான் கேட்டேன். “இதெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டே செய்வேன் பாப்பா” என்றீர்கள். அன்றிலிருந்து ஹால் சுவிட்சைப் போட்டால் குளியலறை விளக்கு எரிகிறது. குளியலறை சுவிட்சைப் போட்டால் ஹால் எரிகிறது. குளிக்கப் போகும் அப்பா சோப்பும் கையுமாக உள்ளிருந்தே, “யாராவது ஹாலுக்குப் போய் எனக்கு வெளிச்சம் குடுங்க” என்று கூப்பிடுகிறார். அம்மா வந்து சுவிட்சைப் பார்த்தாள். அப்பா தையல்காரர் என்பதால், விமானத்தில் பறப்பதற்கு முன் கழற்ற வேண்டியவற்றில் தொங்கவிடும் சிவப்பு நாடாக்களை அவளுக்குத் தைத்துக் கொடுப்பார். அதில் ஒன்றை எடுத்துச் சுவிட்சில் கட்டித் தொங்கவிட்டாள். அவ்வளவுதான். ஒரு வேலை முடியாமல் இன்னொரு வேலையைத் திறக்கக் கூடாதாம். பரீட்சை முடிந்த பிறகுதான் அதைத் தொடுவாளாம். இன்றைக்கும் நாடா தொங்குகிறது.

நான்காம் நாள் தங்கள் பேருந்து தவறியதையும் எங்கள் குற்றமாகவே சொல்லிவருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் சமையலறைச் சுவரில் ஒவ்வொரு கரண்டிக்கும் அதன் வடிவத்தை வரைந்து, அதன் மேல் ஆணியில் மாட்டியிருப்பதைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள்; ஹேங்கரில் கருவிகளை அப்படித்தான் வைப்பார்கள். ஏதாவது ஒரு கருவி குறைந்தால், அது விமானத்துக்குள் கிடக்கலாம் என்பதால், கிடைக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது. அன்று காலை ஒரு டீஸ்பூன் வடிவம் வெறுமையாக இருந்தது. அம்மா கதவைச் சாத்தினாள். ஒன்றே கால் மணி நேரம் நாம் நால்வரும் அடுப்புக்கு அடியிலும் குப்பைக் கூடையிலும் தேடினோம். தாங்கள் கடியாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்தினீர்கள். கடைசியில் அது தங்கள் சட்டைப்பையிலேயே இருந்தது. வயிற்றுக்கு மருந்துப் பொடி கலக்கி, கலக்கிய கையோடு செருகியிருக்கிறீர்கள். அப்பா மட்டும், “விடுங்க மச்சான், பஸ்தானே போச்சு, விமானம்னா இந்நேரம் மேலேயே போயிருக்கும்” என்றார். அது ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

அலமாரிச் சாவியைத் தாங்கள் யாரிடம் கொடுத்தீர்கள்? என்னிடம். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று எல்லார் முன்னாலும் சொல்லிக் கொடுத்தீர்கள். அம்மா புத்தகத்தைப் பார்க்கக் கூடாது என்பதுதான் தங்கள் கட்டளை. நான் பார்க்கக் கூடாது என்று தாங்கள் சொல்லவே இல்லை. ஆகவே நான் தினமும் பள்ளி விட்டு வந்ததும் அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, துணிகளுக்கு நடுவே நின்றபடி, கேள்வித் தொகுப்பையும் தடிப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் படித்தேன். அப்படித்தான் அறுநூற்றுப் பன்னிரண்டாவது கேள்வியைக் கண்டுபிடித்தேன். விமானத்தின் சிறிய எஞ்சின்களில் மேக்னெட்டோ என்று ஒன்று இருக்கிறது, தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே உண்டாக்கும். விமானி சுவிட்சை ‘அணை’ என்ற இடத்துக்குத் திருப்பும்போது அந்த மேக்னெட்டோவின் சுற்று விமானத்தின் உடலோடு இணைக்கப்படுகிறதா, துண்டிக்கப்படுகிறதா? இதுதான் கேள்வி. தங்கள் தொகுப்பு ‘இணைக்கப்படுகிறது’ என்று அச்சடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அணைத்தால் துண்டிக்கப்படும் என்பது எங்கள் வீட்டுக் குளியலறை சுவிட்சுக்கே தெரியும், ஹாலில் இருந்தாலும். தடிப் புத்தகத்தில் என் இரண்டு கண்ணால் படித்தேன்: ‘சுவிட்சை அணைக்கும்போது சுற்று துண்டிக்கப்படுகிறது.’ கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. அதைப் படித்த பிறகும் சும்மா இருக்க நான் தங்கள் ஓட்டுநர் பள்ளி மாணவி இல்லை.

ஆகவே விதிப்படி ஒரு துண்டுத்தாளில் ‘கேள்வி 612, விடையில் பிழை காணப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, அம்மாவிடம் கொடுத்தேன். தாங்கள் கிளம்பவேண்டிய அன்று, டீஸ்பூன் கிடைத்த பிறகு, சாப்பாட்டு மேசையில். அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தங்களிடம், “எழுத்துல வந்துருச்சு தம்பி. ஒண்ணு தப்புன்னா மொத்தத்தையும் சோதிக்கணும். சாவியைக் குடுக்கச் சொல்லு” என்றாள். தாங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் பதிவு செய்யவில்லை.

அதற்குப் பிறகு அவள் மனப்பாடம் செய்யவில்லை என்பது உண்மை. ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்து, தொகுப்பில் ஒரு கேள்வி, தடிப் புத்தகத்தில் அதற்கான பக்கம், நோட்டில் ஒரு வரி என்று ஆயிரத்து நூற்று நாற்பத்தேழையும் வரிசையாகச் சோதித்தாள். நான்கு வாரம் ஆயிற்று. அம்மாவின் நோட்டில் முப்பது, என் துண்டுத்தாளில் ஒன்று, மொத்தம் முப்பத்தொரு பிழை. தாங்கள் ‘அப்படியே கேள்வி வரும், அப்படியே போடு’ என்று கொடுத்த புத்தகத்தில் முப்பத்தொரு பிழை, மாமா. இதைக் கண்டுபிடித்தது குற்றமா, கொடுத்தது குற்றமா?

தேர்வு நாளன்று நான்தான் அவளுடன் போனேன். எழுதுபொருள் கடைக்கு மேலே, மாடியில், கணினி வைத்த ஒரு நீள அறை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவில் கண்ணாடி இருந்ததால் எல்லாம் தெரிந்தது, கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாம் கேட்டது. நூறு கேள்வி, இரண்டு மணி நேரம். போன தடவை எழுதிய மையத்தில் தராத, படங்களும் அட்டவணைகளும் அடங்கிய ஒரு கையேட்டை இங்கே எல்லாருக்கும் கொடுத்தார்கள். கையில் புத்தகம் வந்ததும் அம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது என்று தாங்கள் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் கணினியைத் தட்டத் தொடங்க, அவள் கையேட்டின் பொருளடக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாக எண்ண ஆரம்பித்தாள். புத்தகம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பி ஒரு திருகைக்கூடத் திருகக் கூடாது என்பது அவர்கள் பழக்கம். இருபத்திரண்டு நிமிடம் போனது. நான் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு அம்மா கையைத் தூக்கினாள். நாற்பத்தொன்றாம் பக்கம் இல்லை.

மேற்பார்வையாளர், காதில் பாட்டுக் கருவி மாட்டிய இளைஞர், வந்து பார்த்துவிட்டு, “அந்தப் பக்கத்துல இருந்தெல்லாம் வராதும்மா, நீங்க எழுதுங்க” என்றார்.

“வராதுன்னு யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?” என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஒரு தாள் கேட்டு வாங்கி, பக்கம் இல்லாத விவரத்தை எழுதி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அவரைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டுத்தான் முதல் கேள்வியைத் தொட்டாள். கடைசி ஆளாக வெளியே வந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் அப்போதே அச்சடித்த மதிப்பெண் சீட்டு கொடுத்தார்கள். அம்மாவுக்கு மட்டும், அவள் புகார் எழுதியதால், ‘முடிவு ஆய்வில் உள்ளது’ என்று ஒரு வரி. எப்படி எழுதினாய் என்று கேட்டேன். “ஒரு பக்கம் இல்ல பாப்பா” என்று மட்டும்தான் சொன்னாள். நான்கு நாளாகிறது. காலையில் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சுவிட்சில் தொங்கும் நாடாவைப் பார்க்கிறாள், உள்ளே போகிறாள்.

இதுதான் நடந்தது. தாங்கள் சொன்னபடியே மெட்டுப் பாடி, மூன்றாவது விடையைப் போட்டு, பக்கம் எண்ணாமல் எழுதியிருந்தால் அம்மா தேறியிருக்கலாம். ஆனால் அப்படித் தேறியவர்கள் மாட்டிய எஞ்சினுக்குக் கீழே தாங்கள் நிற்பீர்களா? அம்மாவுக்கு இந்த இடம் கிடைக்காமல் போனால், அதற்கு முப்பத்தொரு பிழை உள்ள தொகுப்பும், ஒரு பக்கம் இல்லாத கையேடும் காரணம். அறுநூற்றுப் பன்னிரண்டாவது கேள்வியில் நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பதையும், அதற்காக நான் எவரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்பதையும், தாங்கள்தான் என்னிடம் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில், என்பதையும் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் அன்பான வணக்கங்கள். தங்கள் பள்ளி வாசல் விளக்குக் கம்பத்துக்கு என் அனுதாபங்கள். தாங்கள் பெரியவர் என்பதால் தங்கள் ஆசிகளை இப்போதும் வேண்டி நிற்கிறேன்.

இப்படிக்கு,
மனம் புண்பட்ட தங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்தபோது மணி நாலரை. எங்கள் வீட்டில் எந்த வேலையையும் செய்தவரே சரிபார்க்க முடியாது, இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும். ஆகவே வேலையிலிருந்து வந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டி, முதலில் பக்கங்களை எண்ணினாள். பிறகு படித்தாள். டீஸ்பூன் இடத்தில் ஒரு தடவை சிரித்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு வந்ததும் நிறுத்தி, தடிப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாள். பக்கத்தைத் திறந்து, இங்கே படி என்றாள். மேக்னெட்டோ பற்றித்தான் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பு என்றாள். திருப்பினேன். நன்றாகப் பார்த்துத் திருப்பு என்றாள். பார்த்தால், இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அலமாரிக்குள் தலையை விட்டுப் படித்தவள் இரண்டையும் சேர்த்துத் திருப்பியிருக்கிறேன். நான் படித்த அந்த வரி, பேட்டரியால் இயங்கும் வேறு ஓர் அமைப்பைப் பற்றியது. மேக்னெட்டோவைப் பற்றி, ஒட்டியிருந்த தாளில், அணைக்கும்போது உடலோடு இணைக்கப்படுகிறது என்று தெளிவாக இருக்கிறது. அது தானே மின்சாரம் உண்டாக்குவதால், வெளியிலிருந்து எதையும் துண்டித்து அதை நிறுத்த முடியாதாம். அந்த மின்சாரம் உடல் வழியே போய்விட வழி செய்துவிட வேண்டுமாம். தங்கள் தொகுப்பு அந்தக் கேள்வியில் சரி, மாமா. பிழை முப்பத்தொன்று அல்ல, முப்பது. முப்பத்தொன்றாவது நான்.

உனக்கு இது முன்பே தெரியுமா என்று அம்மாவைக் கேட்டேன்.

“பதினோரு வருஷமா அந்தக் கம்பியைத்தானே மாட்டிட்டு இருக்கேன்” என்றாள்.

பிறகு ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எழுத்துல குடுத்தே, எழுத்துல வந்தா பார்க்கணும். அதோட, உங்க மாமாகிட்ட இருந்து என் புத்தகத்தைத் திரும்ப வாங்க எனக்கு வேற வழி தெரியல.”

இதைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். மத்தியானமே தேர்வு மையத்தில் கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். நாற்பத்தொன்றாம் பக்கம் ஒரு வருடமாகவே அந்தக் கையேட்டில் இல்லை, யாரும் கவனிக்கவில்லை, சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று ஒரு வரி. அதற்குக் கீழே, எஞ்சின் தாள், தொண்ணூற்றெட்டு. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கேள்வி வந்திருக்கிறது. இரண்டையும் அவள் தொடவில்லை; மற்றவை நான்கு வாரமாகப் பக்கம் திறந்து பார்த்தவை. விடை தெரியாதா என்று கேட்டேன். “தெரியும். ஆனா பக்கம் இல்லையே” என்றாள். நாளைக் காலை சீட்டைக் கொடுக்கப்போகிறாள், மூன்று நாள் மீதி இருக்கிறது.

இந்த நிலையில் இந்தக் கடிதத்தை அனுப்புவதா, கிழிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கிழிக்கக் கூடாது என்றாள் அம்மா. பேனாவை வாங்கி, அறுநூற்றுப் பன்னிரண்டு பத்தியின் மேலும், தாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற வரியின் மேலும், படிக்கும்படியாக, ஒற்றைக் கோடு போட்டாள். நான் இரண்டு இடத்திலும் சின்னக் கையெழுத்து வைத்தேன். பிறகு அவள் கடிதத்தின் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி, தன் முழுக் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் உரிம எண்ணுக்கு ஒரு கட்டம் வரைந்து அதைக் காலியாக விட்டிருக்கிறாள். இப்போதே போடலாமா அம்மா என்றேன். “விமானத்துக்கு இன்னும் இல்ல. கடுதாசிக்குப் போடலாம்” என்றாள். நீல மையில்தான் போட்டிருக்கிறாள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா, இதுதான் முதல் கையெழுத்து.

முந்தைய வேலை முடிந்துவிட்டதால் தங்கள் சுவிட்சைத் திறக்கப்போகிறாள். மின்சார வரைபடம் மேசை மேல் விரித்திருக்கிறது. அப்பாவை முதலில் குளியலறையிலிருந்து வெளியே வரச் சொல்லியாயிற்று. சிவப்பு நாடாவை அவிழ்த்து மெயின் பெட்டியில் கட்டிவிட்டாள். நேரம் மாலை ஐந்து நாற்பது. விளக்குகள் அணைக்கப்பட்டன.